பத்து நிமிடப் பேச்சு திசையை மாற்றுமா?

ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் வேலை பார்க்கும் தமிழர்கள் நாலு பேர் சேர்ந்து டீ குடிக்கும் இடத்தில், "நீங்க எப்படி இந்தத் துறைக்கு வந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில்கள் பெரும்பாலும் ஒரே சாயலில் வரும். "செகண்ட் இயர்ல ஒரு சீனியர் அண்ணா சொன்னார், அதான்." "எங்க மேடம் ஒரு நாள் லேப்ல கூப்பிட்டு, நீ ஏன் எம்.டெக். போகக் கூடாதுன்னு கேட்டாங்க." "ரயில்ல எதிர் சீட்ல இருந்தவர்தான் கேட் எக்ஸாம்னு ஒண்ணு இருக்குன்னே சொன்னார்." பாடத்திட்டத்தையோ பாடப்புத்தகத்தையோ காரணமாகச் சொல்பவர்கள் அபூர்வம்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. வாரத்துக்கு இருபது மணி நேரம், ஆண்டுக்கு முப்பது வாரம் என்று வைத்தாலே, மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் ஒரு மாணவர் வகுப்பில் உட்காரும் நேரம் 1,800 மணி. அவ்வளவும் மங்கிப்போக, யாரோ ஒருவரோடு பேசிய பத்து நிமிடம் மட்டும் வாழ்க்கையின் காரணமாக நிற்கிறது. உண்மையிலேயே அந்தப் பத்து நிமிடம்தான் திசையைத் திருப்பியதா? அல்லது, எல்லாம் நடந்து முடிந்த பிறகு நம் நினைவு தனக்குப் பிடித்த கதையைக் கட்டிக்கொள்கிறதா? இந்தக் கேள்விக்கு ஊகமாக அல்லாமல் சோதனை செய்து பதில் தேடியிருக்கிறார்கள். அங்கே போவதற்கு முன், நம்மவர் ஒருவரின் கதை.

1928-ஆம் ஆண்டின் பிற்பகுதி. ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேசினார். அங்கே இயற்பியல் ஹானர்ஸ் படித்துக்கொண்டிருந்த சு. சந்திரசேகருக்கு அப்போது வயது ஏறத்தாழ பதினெட்டு. சோமர்ஃபெல்டு எழுதிய அணு அமைப்பு பற்றிய நூலை அவர் தாமாகவே படித்துத் தேறியிருந்தார். அந்தக் கோடையில் கல்கத்தாவில் சித்தப்பா சி.வி. ராமனின் ஆய்வகத்தில் இருந்துவிட்டும் வந்திருந்தார். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அந்த உற்சாகமெல்லாம் சேர்ந்து, சோமர்ஃபெல்டு தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய், சந்தித்துப் பேச வேண்டும் என்று கேட்கும் துணிச்சலை அந்த மாணவருக்குக் கொடுத்தது.

அந்தச் சந்திப்பில் சோமர்ஃபெல்டு முகஸ்துதி எதுவும் சொல்லவில்லை. நீ படித்திருக்கும் இயற்பியல் பழசாகிவிட்டது என்றுதான் சொன்னார். ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக், பவுலி ஆகியோரின் வேலையால் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் எல்லாமே மாறிப்போயிருந்தது. பழசானதில் சோமர்ஃபெல்டின் சொந்த நூலும் அடக்கம். சொன்னதோடு நிறுத்தாமல், உலோகங்களில் எலெக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் விதம் பற்றித் தாம் எழுதி இன்னும் அச்சில் வெளிவராத கட்டுரையின் மெய்ப்புத் தாள்களை எடுத்துக் கொடுத்தார்.

அந்தத் தாள்களில் இருந்தது ஃபெர்மியும் டிராக்கும் 1926-இல் வகுத்த புதிய புள்ளியியல். இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற விதியை அடிப்படையாக வைத்து, கூட்டமாக அடைபட்ட எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிடும் முறை அது. சந்திரசேகர் அதைப் படித்தார். சில மாதங்களுக்குள் அதே முறையைக் காம்ப்டன் சிதறலுக்கு (எக்ஸ் கதிர்கள் எலெக்ட்ரானில் மோதிச் சிதறுவதற்கு) பொருத்தி ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ஆர்.எச். ஃபௌலருக்கு அனுப்பினார். ஃபௌலர் வழியாக அது 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. 1930 ஜூலை இறுதியில் சந்திரசேகர் பம்பாயில் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜில் சேரப்போவது அதே ஃபௌலரிடம். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீனுக்கு ஓர் எடை வரம்பு உண்டு என்ற கணக்கு அந்தக் கப்பல் பயணத்தில் பிறந்தது. இன்று சந்திரசேகர் வரம்பு என்று சொல்லப்படும் அது, சூரியனின் எடையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1983-இல் நோபல் பரிசு வந்தது. சோமர்ஃபெல்டைச் சந்தித்ததைத் தம் அறிவியல் வாழ்வின் பெரிய திருப்பமாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இதைக் கேட்டால் யாருக்கும் மெய்சிலிர்க்கும். எனக்கும் சிலிர்க்கிறது. ஆனால் அறிவியல் நோக்கில் இது சான்று ஆகாது. சோமர்ஃபெல்டு வராமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? சந்திரசேகர் 1928-லேயே இந்திய இதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டவர். அடுத்த ஆண்டே ஹைசன்பர்க் சென்னைக்கு வந்தபோது ஊர் சுற்றிக் காட்டியதும் அவர்தான். அந்த மெய்ப்புத் தாள்கள் கிடைக்காவிட்டாலும், கல்லூரி நூலகத்தில் ஓர் இதழ் வழியாகப் புதிய புள்ளியியல் அவர் கைக்கு வந்திருக்கக்கூடும். ஒரே ஒருவரின் வாழ்க்கையை இரண்டு முறை ஓடவிட்டு, ஒன்றில் பேச்சை வைத்தும் ஒன்றில் எடுத்தும் பார்க்க நம்மால் முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தயங்காமல் போய்ப் பேசும் மாணவர் ஏற்கெனவே ஆர்வமும் துணிவும் உள்ளவர். அவர் பின்னால் நன்றாக வந்தால், அது பேச்சின் பலனா, ஆர்வத்தின் பலனா? 2014-இல் அமெரிக்காவில் சுமார் 30,000 பட்டதாரிகளிடம் கேலப் நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் ஒரு கணக்கெடுப்பு நடத்தின. தன்மேல் அக்கறை காட்டிய ஆசிரியர், கற்பதில் ஆர்வம் ஊட்டியவர், கனவைத் தொடர ஊக்கம் தந்தவர் ஆகியோர் வாய்த்தவர்கள் பிற்காலத்தில் வேலையில் முழு மனதோடு ஈடுபடும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று அது கண்டது. நல்ல செய்திதான். ஆனால் அதிலும் இதே சந்தேகம் விடாது. உற்சாகமான ஆட்களுக்கு ஆசிரியர்களும் உற்சாகமாகத்தான் தெரிவார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, யாருக்குப் பேச்சு கிடைக்கும் என்பதை மாணவரின் ஆர்வத்திடம் விடாமல் குலுக்கலிடம் விடுவது. மருந்துச் சோதனையில் செய்வதுதான். சீட்டு குலுக்கி ஒரு பாதிக்கு மருந்து கொடுத்து, மறுபாதியை ஒப்பீட்டுக் குழுவாக வைத்துக்கொள்வார்கள். இதற்குக் குலுக்கல்முறைச் சோதனை என்று பெயர். ஆர்வமுள்ளவர், துணிவுள்ளவர், வசதியுள்ளவர் என எல்லோரும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுவார்கள். பிறகு வரும் வித்தியாசம் மருந்தால் வந்தது என்று நம்பலாம்.

டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் போர்ட்டர், டானிலா செர்ரா என்ற இரு பொருளியலாளர்கள் இதைச் செய்தார்கள். பொருளியலை முதன்மைப் பாடமாக எடுக்கும் பெண்கள் அங்கே குறைவு. அறிமுக வகுப்புகளில் சிலவற்றைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, அதே பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்துவிட்டு நல்ல வேலையில் இருக்கும் இரண்டு பெண்களை வகுப்பு நேரத்தில் சிறிது நேரம் வந்து பேச வைத்தார்கள். அவ்வளவுதான். ஒப்பீட்டு வகுப்புகளில் இருந்த மாணவிகளில் பின்னர் பொருளியலை முதன்மைப் பாடமாக எடுத்தவர்கள் நூற்றுக்கு 9 பேர் அளவில்தான். பேச்சைக் கேட்ட வகுப்புகளில் அது மேலும் 8 புள்ளி கூடியது. மாணவர்களிடம், அதாவது ஆண்களிடம், மாற்றம் எதுவும் தெரியவில்லை. 2020-இல் வெளியான இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அதில் பணச் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம்.

பாரிஸ் வட்டாரத்தில் 2015-16 கல்வியாண்டில் இதைவிடப் பெரிய சோதனை நடந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண் அறிவியலாளர்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போய், குலுக்கலில் தேர்வான வகுப்புகளில் ஒரு மணி நேரம் பேசினார்கள். சோதனையில் இருந்த மாணவர்கள் சுமார் 20,000 பேர். பள்ளியின் கடைசி ஆண்டில் அறிவியல் பிரிவில் இருந்த மாணவிகளில், போட்டி மிகுந்த, ஆண்களே நிறைந்திருக்கும் அறிவியல் படிப்புகளுக்குப் போனவர்கள் 11 விழுக்காட்டிலிருந்து 14.5 விழுக்காடாக உயர்ந்தார்கள். கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவிகளிடம்தான் விளைவு அதிகம். இன்னொரு முடிவு யோசிக்க வைக்கிறது. "இந்தத் துறையில் பெண்கள் குறைவு" என்பதையே அழுத்திச் சொன்ன பேச்சுகள் குறைவாகவே பலித்தன. அந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்று காட்டியவை நன்றாகப் பலித்தன.

இதே சோதனையில் பத்தாம் வகுப்பு மாணவிகளும் இருந்தார்கள். அதே அறிவியலாளர்கள், அதே ஒரு மணி நேரம். ஆனால் அவர்களுடைய பாடத் தேர்வில் மாற்றம் எதுவும் தென்படவில்லை. ஏன் இப்படி?

வயலுக்கு நீர் பாய்ச்சுபவர் வாய்க்கால் மடையில் நின்று என்ன செய்கிறார் என்று பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்து மண்ணை மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி எடுத்து, மறுபக்கத்தை அடைக்கிறார். இரண்டு கூடை மண் இருக்கும். அதோடு தண்ணீர் முழுவதும் வேறு வயலுக்குத் திரும்பிவிடுகிறது. நீரைத் தள்ளிக்கொண்டு போகும் வலு அந்த மண்ணில் இல்லை. நீர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. மடையும் சரியான இடத்தில் இருக்கிறது. வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது எத்தனை கூடை மண்ணை மாற்றிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. கடைசி ஆண்டு மாணவி அடுத்து எங்கே என்று முடிவெடுக்கும் மடையில் நிற்கிறார். பத்தாம் வகுப்புக்காரருக்கும் பாடத் தேர்வு உண்டு என்றாலும், அந்த மடை இன்னும் சற்றுத் தள்ளி இருக்கிறது என்பது என் ஊகம். சந்திரசேகரின் வாய்க்காலில் கரைபுரள நீர் ஓடிக்கொண்டிருந்தது. சோமர்ஃபெல்டு அதைப் புதிய புள்ளியியலின் பக்கம் திருப்பிவிட்டார்.

சரி, பேச்சு பலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏன் பலிக்கிறது? அதே செய்தியைப் புத்தகத்திலோ காணொளியிலோ படித்தால், பார்த்தால் போதாதா?

உரையாடலின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மொழியியலாளர் டான்யா ஸ்டிவர்ஸும் அவருடைய குழுவினரும் பத்து மொழிகளில் மக்கள் இயல்பாகப் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து, ஒரு கேள்வி முடிந்து பதில் தொடங்குவதற்கு ஆகும் நேரத்தை அளந்தார்கள். 2009-இல் வெளியான அந்த ஆய்வில், மொழிக்கு மொழி சற்றே வேறுபட்டாலும், இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருந்தது. ஆனால் ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், ஒற்றைச் சொல்லை மனதில் தயாரித்து வாயில் கொண்டுவர அரை நொடிக்கு மேல் ஆகிறது. கணக்கு உதைக்கிறது அல்லவா? இதற்கு ஒரே விளக்கம்தான். எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் எங்கே முடிக்கப்போகிறார் என்று ஊகித்து, நம் பதிலைத் தயார் செய்யத் தொடங்கிவிடுகிறோம். உரையாடலில் கேட்பவர் சும்மா இருப்பதில்லை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசனின் குழு 2010-இல் இதை மூளையில் தேடியது. ஒருவர் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்துக்கொண்டு தம் வாழ்க்கைச் சம்பவம் ஒன்றைச் சொன்னார். அந்தப் பதிவை மற்றவர்கள் அதே கருவிக்குள் இருந்து கேட்டார்கள். சொன்னவரின் மூளையில் நடந்த ஏற்ற இறக்கம், சில நொடி பிந்தி, கேட்டவர்கள் மூளையிலும் நடந்தது. சில பகுதிகளில் கேட்டவரின் மூளை சொன்னவரை முந்திக்கொண்டும் போனது. அப்படி முந்திப் போனவர்களுக்குத்தான் கதை நன்றாகப் புரிந்திருந்தது. தெரியாத மொழியில் கதை சொன்னபோது இந்த இணையோட்டம் காணாமல் போனது.

வகுப்பறையிலும் நாம் கேட்கிறோம். ஆனால் எழுபது பேர் இருக்கும் வகுப்பில் அடுத்த முறை நம்முடையது இல்லை என்று நமக்குத் தெரியும். ஊகிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு பேர் பேசும்போது தப்பிக்க வழியில்லை. பல்கலைக்கழகத்துப் பக்கம் டீக்கடைகளில் காதில் விழும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அண்ணா, எம்.எஸ்சி. முடிச்சிட்டு என்ன பண்றதுன்னே தெரியல."

"எந்தப் பேப்பர் உனக்குப் பிடிச்சிருந்துச்சு?"

"ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ்."

"ஏன் அது?"

இந்த "ஏன் அது?" என்ற கேள்விக்குப் பிறகு வரும் மௌனத்தைக் கவனியுங்கள். அந்த மாணவர் அதுவரை தனக்கே சொல்லிப் பார்க்காத ஒரு காரணத்தை இப்போது வாக்கியமாக்க வேண்டும். காணொளி எவ்வளவு நன்றாக இருந்தாலும் நம்மிடம் இதைக் கேட்காது. பேச்சு பலிப்பதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம், செய்தி எங்கிருந்து வருகிறது என்பது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று சமூகத் தொடர்புகள் பற்றிய ஆய்வையே புரட்டிப்போட்டது. பாஸ்டனுக்கு அருகே வேலை மாறியவர்களை அவர் பேட்டி கண்டார். தெரிந்தவர் வழியாக வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது என்றவர்கள் 55.6, மிக அரிதாக என்றவர்கள் 27.8. நெருங்கிய நண்பர்களைவிட, அவ்வளவாகப் பழக்கமில்லாதவர்களே வழி காட்டியிருந்தார்கள். காரணம் எளிது. நம் அறைத்தோழருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும். ஒரே வகுப்பு, ஒரே விடுதி, ஒரே வாட்ஸ்அப் குழு. சற்று விலகி நிற்பவர்தான் நமக்குத் தெரியாத உலகத்திலிருந்து வருகிறார். இப்படிப்பட்ட தொடர்பை மெல்லிய உறவு என்று சொல்லலாம்.

கிரானோவெட்டரின் கண்டுபிடிப்பிலும் அந்தப் பழைய சந்தேகம் உண்டு: மெல்லிய உறவுகள் நிறைய வைத்திருப்பவர் ஏற்கெனவே சாமர்த்தியசாலியாக இருக்கலாமே? அதற்குப் பதில் வர அரை நூற்றாண்டு ஆனது. லிங்க்ட்இன் தளம் தன் பயனர்களுக்கு "இவரைத் தெரியுமா?" என்று ஆட்களைக் காட்டும் முறையைக் குலுக்கல் அடிப்படையில் மாற்றி மாற்றிச் சோதித்துவந்தது. ஐந்து ஆண்டுகளில் இரண்டு கோடிப் பேர் அந்தச் சோதனைகளில் இருந்தார்கள். 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான பகுப்பாய்வு, மெல்லிய உறவுகள் உண்மையிலேயே புது வேலைக்குக் காரணமாகின்றன என்று காட்டியது. ஒரேயடியாக முன்பின் தெரியாதவரைவிட, நடுத்தர அளவில் மெல்லிய உறவே அதிகம் உதவியது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஏறத்தாழ பத்து நண்பர்கள் இருந்தால் போதும். தன் கல்லூரியில் ஐந்து ஆண்டு முன்பு படித்துவிட்டுப் போன சீனியர் இந்த விவரிப்புக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறார்.

மூன்றாவது காரணம்தான் என் மனதில் ஆழமாகத் தங்கியது. கிராமத்திலிருந்தோ சிற்றூரிலிருந்தோ, வீட்டில் முதல் ஆளாகப் பெரிய கல்வி நிலையத்துக்கு வரும் மாணவருக்கு ஒரு எண்ணம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்: இந்த இடம் நமக்கானது இல்லை. ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால், ஆங்கிலத்தில் பேசும்போது யாராவது சிரித்தால், அதற்குச் சான்று கிடைத்துவிட்டதாக மனது எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவருக்கும் இதே பயம் இருக்கிறது என்பது தெரியாது, ஏனென்றால் யாரும் வெளியே சொல்வதில்லை.

கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற உளவியலாளர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாண்டு மாணவர்களிடம் இதைத் தொட்டுப் பார்த்தார்கள். சுமார் ஒரு மணி நேரம். "வந்த புதிதில் எங்களுக்கும் இப்படித்தான் இருந்தது, நாள்பட நாள்படச் சரியாகிவிட்டது" என்று மூத்த மாணவர்கள் சொன்னதைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு, அடுத்த ஆண்டு வரும் மாணவர்களுக்குச் சொல்வதுபோல் அதைத் தங்கள் சொந்த அனுபவத்தோடு சேர்த்து எழுதி, கேமராவின் முன் பேசச் சொன்னார்கள். 2011-இல் வெளியான முடிவு: கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையே இருந்த மதிப்பெண் இடைவெளி அடுத்த மூன்றாண்டுகளில் பாதியாகக் குறைந்தது.

படிப்பு முடியும் தறுவாயில் அந்த மாணவர்களிடம் திரும்பப் போய்க் கேட்டபோது, தங்கள் முன்னேற்றத்துக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் காரணமாகச் சொன்னவர்கள் மிகச் சிலரே. நம் முதல் புதிருக்கு இது முக்கியமான பதில். நினைவில் நிற்கும் பேச்சு வேறு, வேலை செய்த பேச்சு வேறாக இருக்கலாம். டீக்கடையில் நாம் சொல்லும் கதை பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. நம்மைத் திருப்பிவிட்ட பேச்சுகளில் பலவற்றுக்கு நம்மிடம் கதையே இல்லை. ஓர் ஆசிரியர் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை, யாருக்கும் தெரியாமல் எங்கோ வேலை செய்திருக்கும்.

வால்டன், கோஹனின் அந்த முதல் ஆய்வில் இருந்தவர்கள் நூறுக்கும் குறைவு. அதனால் பலர் நம்பத் தயங்கினார்கள், தயங்கியது நியாயம்தான். 2023-இல் 22 கல்வி நிலையங்களில் 26,911 மாணவர்களை வைத்து அதே வகையான இன்னொரு சோதனை வெளியானது. வழக்கமாகப் படிப்பைத் தொடர்வதில் பின்தங்கும் பிரிவினர், முதலாண்டை முழுநேர மாணவராக முடிக்கும் வீதம் இதனால் கூடியது. ஆனால் எல்லாக் கல்லூரியிலும் இல்லை. அந்தப் பிரிவினர் உண்மையிலேயே ஒட்டிக்கொள்ள வாய்ப்பிருந்த கல்லூரிகளில்தான் பலன் தெரிந்தது. "இது உன் இடம்" என்று வாயால் சொல்லிவிட்டு நடப்பில் விலக்கி வைத்தால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. மடை திறந்தாலும் வயல் மேட்டில் இருந்தால் நீர் ஏறாது. கல்லூரி நிர்வாகங்கள் இந்த ஒரு முடிவை மட்டுமாவது கவனிக்க வேண்டும்.

இவ்வளவு பயனுள்ள பேச்சு ஏன் அதிகம் நடப்பதில்லை? பயம். அவரிடம் போய் என்ன பேசுவது, நேரத்தை வீணாக்குகிறோமோ, நம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ. இந்தப் பயத்தையும் அளந்திருக்கிறார்கள். எரிகா பூத்பி குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகச் சந்தித்துப் பேசிய இருவரிடமும் தனித்தனியே கேட்டபோது, எதிரில் இருந்தவர் தன்னை எவ்வளவு விரும்பினார் என்பதை இருவருமே குறைத்தே மதிப்பிட்டார்கள். யேல் பல்கலைக்கழக விடுதியில் ஒரே குடியிருப்பைப் பகிர்ந்துகொண்ட முதலாண்டு மாணவர்களிடம் இந்த இடைவெளி பல மாதங்கள் நீடித்தது. நிக்கோலஸ் எப்லியும் அவரோடு சேர்ந்தவர்களும் வேறொரு தொடர் சோதனையில், அந்நியரோடு மேம்போக்காக அல்லாமல் மனம்விட்டுப் பேசப்போகிறோம் என்றதும் மக்கள் எதிர்பார்த்த சங்கடத்தையும், பேசி முடித்தபின் உணர்ந்த சங்கடத்தையும் ஒப்பிட்டார்கள். எதிர்பார்த்தது எப்போதும் அதிகம். மற்றவர்கள் நம் பேச்சில் அக்கறை காட்ட மாட்டார்கள் என்று தப்பாக நினைக்கிறோம். அதனால் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்துவிடுகிறோம்.

கச்சிபௌலியில் இதைச் சிந்திக்கத் தனிக் காரணம் இருக்கிறது. 1974-இல் தொடங்கிய ஹைதராபாத் பல்கலைக்கழகம், ஆரம்பத்தில் அபிட்ஸில் சரோஜினி நாயுடுவின் வீடான கோல்டன் த்ரெஷோல்டில் இயங்கிவிட்டு, பிறகு இந்தப் பாறைக் காட்டுக்கு வந்தது. 1998-இல் தொடங்கிய ஐ.ஐ.ஐ.டி.யும் மௌலானா ஆசாத் தேசிய உருது பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. இந்திய வணிகப் பள்ளி இருக்கிறது, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹைதராபாத் மையம் இருக்கிறது, மைக்ரோசாஃப்டின் பெரிய வளாகம் இருக்கிறது. உருதுக் கவிதை ஆராய்பவர், துகள் இயற்பியல் படிப்பவர், மென்பொருள் எழுதுபவர், கம்பெனி நடத்தப் படிப்பவர் எல்லோரும் ஒருசில கிலோமீட்டருக்குள். மெல்லிய உறவுகளுக்கு இதைவிட வளமான நிலம் இந்தியாவில் அதிகம் இல்லை.

ஆனால் ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு சுற்றுச்சுவர், ஒரு கேட், ஓர் அடையாள அட்டை. தருமபுரியிலிருந்தோ கர்நூலிலிருந்தோ வந்து முதுகலை படிக்கும் மாணவருக்கு, சாலைக்கு அப்பால் தெரியும் கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஒருவரைக்கூடத் தெரியாது. அப்பாவோ மாமாவோ அந்த உலகத்தில் இருக்கும் மாணவருக்கு இந்தப் பேச்சு வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலேயே கிடைத்துவிடுகிறது. இல்லாதவருக்குக் கல்லூரிதான் அதை ஏற்பாடு செய்துதர வேண்டும். நிலமும் கட்டடமும் கேட்காத ஏற்பாடு இது. தற்செயலுக்கு விட்டுவிட்டால், ஏற்கெனவே தைரியம் உள்ளவருக்கு மட்டுமே கிடைக்கும்.

மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது: ஒருவரிடம் பேசப் போகும்போது ஒரு கேள்வியோடு போங்கள். "எனக்கு ஏதாவது அட்வைஸ் சொல்லுங்க சார்" என்று கேட்டால், எதிரில் இருப்பவருக்கு எதையும் பிடித்துக்கொள்ளக் கிடைக்காது. அவர் எழுதிய ஒன்றைப் படித்துவிட்டு, புரியாத ஒரு பக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். சந்திரசேகர் சோமர்ஃபெல்டிடம் போனது அவர் நூலைப் படித்துவிட்டுத்தான். ஆசிரியர்களுக்கு: வாரத்தில் ஒரு மணி நேரம், இன்ன நாள் இன்ன நேரம் என்று அறைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். "எப்ப வேணாலும் வாங்க" என்று சொன்னால் கூச்சமுள்ள மாணவர் எப்போதும் வரமாட்டார்.

கச்சிபௌலியிலும் மாதாபூரிலும் வேலை பார்க்கும் தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, நீங்கள் படித்த கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். சம்பளத்தையும் பதவியையும் சொல்வதைவிட, ஒரு நாள் முழுக்க என்ன வேலை செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். "இங்கே நமக்கு இடம் இல்லையோ" என்று நீங்கள் நினைத்த முதல் மாதங்களையும் சொல்லுங்கள். உங்கள் மின்னஞ்சல் முகவரியைப் பலகையில் எழுதிவிட்டு, படிக்க ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். செமஸ்டர் தேர்வு நேரமாக இல்லாமல் பார்த்து, துறைத் தலைவரிடம் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிட்டால் அவர்களே வகுப்பை ஒதுக்கித் தருவார்கள்.